காய்ச்சல் இல்லீங்க

எனக்குக் காய்ச்சல் இல்லை. அந்த வாரம் முழுக்க எல்லோரிடமும் நான் சொன்னது இதுதான், அதனால் இங்கேயும் அதிலிருந்தே தொடங்குகிறேன். சொன்னது பொய்யும் அல்ல. நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டிய ஒவ்வொரு தடவையும் தொண்ணூற்று ஏழு, தொண்ணூற்று எட்டு என்றுதான் காட்டியது. உண்மையை மட்டும் பேசியே ஒரு மனிதன் எவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கொரோனா வந்த முதல் வருஷம் அது. தடுப்பூசி இன்னும் வரவில்லை. கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் எனக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. கருகிப்போன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதிதாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுக்கிற வேலை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நானும் மனைவி ராணியும்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ராணிக்குப் பிள்ளை மாதிரி இருந்தது அவள் தம்பி துரைசாமி. பதினோரு வயது இளையவன், அவள் இடுப்பில் வளர்ந்தவன். ஆனைமலையில் தென்னந்தோப்பு வைத்திருந்தான்.

அப்போது தினமும் காலையில் மாநகராட்சியிலிருந்து பிரியா என்ற பெண் ஒரு நோட்டுடன் வருவாள். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு ஒரே மூச்சில் கேட்பாள்.

"ஏனுங்கய்யா, காய்ச்சல், சளி, இருமல் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க அம்மணி."

"அம்மாவுக்குங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

நெற்றியில் கருவியை நீட்டிப் பார்ப்பாள், நோட்டில் கோடு போடுவாள், அடுத்த வீட்டுக்குப் போவாள். எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு சௌகரியம் உண்டு. எதையும் 'ங்க' போட்டுச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் துருவ மாட்டார்கள். துருவினால் அது மரியாதைக்குறைவு. கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் நிம்மதி. கொரோனாவுக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை எனக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை கால்விரல் நுனிகள் செக்கச்சிவந்து எரிந்தன. ராணி பார்த்துவிட்டு, "சூடுங்க. நாள் முச்சூடும் வார்னிஷ் அடுப்புக்கிட்ட நின்னா வேறென்ன ஆகும்?" என்றாள். எங்கள் பக்கம் எந்த நோய்க்கும் முதல் பெயர் சூடுதான். கண் எரிந்தால் சூடு, வாய் வெந்தால் சூடு, தலை சுற்றினால் சூடு. வெந்தயமும் மோரும் உள்ளே போயின, உள்ளங்காலில் விளக்கெண்ணெய் ஏறியது. மறுநாள் காலை பிரியா வந்து வழக்கமான மூன்றையும் கேட்டாள். வயிறு போகிறதா என்று அவள் கேட்கவில்லை. கல்யாணமாகாத பெண்ணிடம் வாசலில் நின்றுகொண்டு அதையெல்லாம் யார் சொல்வார்கள்? இல்லீங்க என்றேன்.

அதே திங்கட்கிழமை பகலில்தான் அந்த அவமானம் நடந்தது. சர்க்கார் சாமக்குளத்திலிருந்து ஒரு விவசாயி ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். என் தொழிலில் மோட்டாரின் மூடியைக் கழற்றியதும் முதலில் மூக்கைத்தான் கொண்டுபோவோம். மீட்டர் பிறகுதான். உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், நாங்கள் காயில் என்போம், கருகியிருந்தால் அந்த வாசம் முகத்தில் அறையும், ஒருதரம் முகர்ந்தவனுக்கு ஆயுசுக்கும் மறக்காது. குனிந்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை.

"காயில் நல்லாத்தான் இருக்குதுங்க. பேரிங்கு போயிருக்கும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, கருகுன நாத்தம் டெம்போல உக்கார முடியலீங்க. தோட்டத்துலயே கொமட்டுச்சு. நீங்க நல்லா இருக்குதுங்கறீங்க?"

மீட்டரை வைத்துப் பார்த்தேன். மூன்று காயில்களும் செத்துக் கிடந்தன. வார்னிஷ் வாசத்திலேயே கிடந்த மூக்குங்க, மரத்துப்போச்சு என்று சிரித்துச் சமாளித்து அனுப்பினேன். அவர் போனதும் வார்னிஷைக் கரைக்கும் தின்னர் டின்னைத் திறந்து மூக்கருகே பிடித்தேன். தண்ணீரை முகர்வதுபோல இருந்தது. வீட்டுக்குள் போய்க் கற்பூரத்தை எடுத்தேன், ராணி பார்க்காதபோது காபித்தூள் டப்பாவைத் திறந்தேன். எதிலும் எதுவும் இல்லை.

நான் செய்தித்தாளை விளம்பரம் உட்பட வாசிக்கிற ஆள். வாசனை தெரியாமல் போவதும் கொரோனாவின் அறிகுறி என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாக அதற்கு முன்பே வாசித்திருந்தேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று யாரும் என்னைத் தேற்ற வேண்டாம். எனக்குத் தெரியும்.

தெரிந்துதான் அன்று சாயங்காலம், கம்பி வாங்கப் போகிறேன் என்று ராணியிடம் சொல்லிவிட்டு, மாநகராட்சிப் பள்ளியில் நடந்த சளிப் பரிசோதனை முகாமுக்குப் போனேன். மூக்கிலும் தொண்டையிலும் நீளமான குச்சியை விட்டுத் துடைத்து, அதில் அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. முடிவு வர இரண்டு நாள் ஆகும். கிருமி இருக்கிறது என்று வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை வழியிலேயே பார்த்துக்கொண்டு போனேன். எங்களுக்கு இரண்டு வீதி தள்ளி, கொரோனா வந்த ஒரு வீட்டுக்குத் தகரம் அடித்திருந்தார்கள். வாசலை அடைத்துத் தகரம், அதன்மேல் நோட்டீஸ். அந்த வீட்டுக்காரர் பதினைந்து வருஷமாகப் பால் ஊற்றியவர். இப்போது அவர் வீட்டுப் பக்கமே ஆட்கள் நடப்பதில்லை. நானும் எதிர்ச் சாரியில்தான் போனேன்.

வரிசையில் என் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பில் ஒரு பையன், குரலை வைத்துத்தான் வயதைக் கணிக்க முடிந்தது.

"காய்ச்சல் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"சளி, இருமலுங்க?"

"இல்லீங்க."

"பாசிட்டிவ் ஆனவங்க யார்கூடயாச்சும் பழகுனீங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?"

வாசம் தெரியவில்லை என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எனக்குப் பின்னால் எங்கள் வீதி மளிகைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தால் நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். "சும்மா, ஒருக்கா பாத்துக்கலாம்னு வந்தனுங்க" என்றேன்.

"சும்மாவெல்லாம் எடுக்கறதில்லீங்கய்யா. காய்ச்சல் வந்தா வாங்க."

எவ்வளவு சந்தோஷமாக வெளியே வந்தேன் தெரியுமா? அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா? இனி என் பொறுப்பு ஒன்றுமில்லை. வரும் வழியில் கம்பிகூட வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை துரைசாமி போனில் கூப்பிட்டான். அக்கா எதையோ சொல்லியிருக்கிறாள்.

"ஏனுங்க மாமா, மேலுக்கு முடியலயாமா? காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. சூடு, அவ்வளவுதான்."

"சூட்டுக்கு நம்ம தோப்பு எளநி இருக்கறப்ப மோரக் குடிச்சுட்டு கெடக்கறீங்க. இருங்க, வாரேன்."

வராதே என்று சொல்ல இரண்டு விநாடி இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பான். மத்தியானம் ஆம்னி வேன் நிறைய இளநீரோடு வந்து இறங்கினான். நாற்பத்தொரு வயது, சர்க்கரை உண்டு, அதைப் பற்றிக் கவலை கிடையாது. அக்கா கையால் சோறு என்றால் மாத்திரையை மறந்துவிடுவான். புதன் முழுக்க என் கட்டிலிலேயே உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு விளக்கெண்ணெய் தேய்த்தான். ஒரு விரலையும் விடவில்லை. தேங்காய் விலை, வண்டு விழுந்த மரங்கள், பெரிய மகளுக்கு ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய போன் என்று பேசிக்கொண்டே இருந்தான். நானும் பேசினேன். இருவர் முகத்துக்கும் நடுவே ஒன்றரை முழம்கூட இருக்காது. வியாழக்கிழமை தோப்பில் தேங்காய் போடுகிறவர்கள் வருகிறார்கள் என்று விடியும் முன்பே கிளம்பினான்.

சனிக்கிழமை பொழுது சாயும்போது எனக்குக் காய்ச்சல் வந்தது. லேசாகத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பிரியா வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ஒண்ணுமில்லீங்க என்றேன். அவள் கோடு போடவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள், அதுவரை ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

"ஐயா, உங்க ஒதடு நீலமா இருக்குதுங்க. விரலக் குடுங்க."

விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். இரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று காட்டுகிற கருவி. தொண்ணூற்று ஐந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். எனக்கு எண்பத்து நான்கு. எனக்கோ மூச்சு முட்டவே இல்லை. இந்த நோயில் அப்படியும் நடக்கும், நுரையீரல் கெட்டுக்கொண்டே இருக்கும், ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான் என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தது. வீதியே மாடியில் நின்று பார்த்தது. எதற்குப் பயந்து எட்டு நாள் வாயை மூடியிருந்தேனோ அது மூன்று நிமிஷத்தில் முடிந்துபோனது. அவ்வளவு ஒன்றும் பெரிதாக இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் முதலில் நெஞ்சு ஸ்கேன். இரண்டு நுரையீரலிலும் பாதிக்கு மேல், கண்ணாடியில் உப்புத்தாள் தேய்த்ததுபோல மங்கிக் கிடந்தது என்று ஸ்கேனைக் காட்டி விளக்கினார் டாக்டர். முகமூடிக்கும் கண்ணாடிக்கும் பின்னால் களைத்துப்போன பெண் குரல்.

"என்னிக்கிருந்துங்க முடியல?"

"நேத்துதானுங்க காய்ச்சல் வந்துச்சு."

"காய்ச்சல விடுங்க. உடம்புல மொதல்ல மாறுனது எது? என்னிக்கு?" என்றவர், ஏன் கேட்கிறார் என்பதையும் சொன்னார். இந்த நோய் சிலருக்கு வயிற்றுப்போக்கிலும் கால்விரல் சிவப்பதிலும்கூடத் தொடங்குமாம். முதல் வாரம் கிருமி பெருகுகிற காலம். அடுத்த வாரம் அதை எதிர்க்கக் கிளம்பிய நம் உடம்பே வெறிபிடித்து நுரையீரலை வீங்க வைக்கும். எந்த நாளில் இருக்கிறோம் என்று தெரிந்தால்தான் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு ஊசியை எப்போது போடுவது என்று முடிவு செய்ய முடியும்.

"சனிக்கிழமைதானுங்க" என்றேன். நேற்றைய சனி. அதற்கு முந்தின சனியைச் சொன்னால் வயிற்றைச் சொல்ல வேண்டும், வாசத்தைச் சொல்ல வேண்டும், முகாமிலிருந்து திரும்பியதைச் சொல்ல வேண்டும். டாக்டர் என்னையும் ஸ்கேனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே நாள்ல இப்படி ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு, என்னை நம்பாமல் ஸ்கேனை நம்பி அன்றைக்கே ஊசியை எழுதினார். நான் பிழைத்தது அந்த அவநம்பிக்கையால்தான்.

மாலையில் சுகாதாரத் துறையிலிருந்து போன். சனிக்கிழமை காய்ச்சல் என்றால் அதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்து, அதாவது வியாழக்கிழமையிலிருந்து வீட்டுக்கு யார் யார் வந்தார்கள்? கணக்குப் போட்டேன். வியாழன் விடியும் முன்பே துரைசாமி போய்விட்டானே. "யாரும் வரலீங்க, ஊட்டுக்காரி மட்டுந்தானுங்க" என்றேன்.

ராணிக்கும் பரிசோதனை எடுத்தார்கள், கிருமி இருந்தது, ஆனால் லேசாக. ஒரு கல்லூரி விடுதியில் கொண்டுபோய் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை அங்கிருந்து போன் செய்தாள்.

"ஏனுங்க, தம்பியவும் டெஸ்ட் எடுக்கச் சொல்லோணுங்களா? மேலெல்லாம் வலிக்குதுங்கறான். தேங்கா போட்ட அலுப்புன்னு சொல்றான்."

ஆக்சிஜன் முகமூடியைத் தூக்கிக்கொண்டு பேசினேன். இந்த ஒரு கேள்வியை இன்றுவரை நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று சொன்ன பதில் இது: "அவன் வந்தப்ப எனக்கு என்ன இருந்துச்சு? வெறும் சூடு. காய்ச்சலே சனிக்கிழமதான வந்துச்சு. அவன வேற பயமுறுத்தாத."

"ஆமாங்க, அவனும் அதயேதான் சொன்னான்" என்றாள் ராணி. குரலில் நிம்மதி தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் கிடந்த பதினான்கு நாளைப் பற்றி நிறைய எழுதலாம். குப்புறப் படு என்பார்கள், அப்போதுதான் முதுகுப் பக்கத்து நுரையீரல் விரியும். மணிக்கணக்காகத் தலையணையில் முகத்தைப் புதைத்துக் கிடக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வயிற்றைச் சுற்றி ஊசி, தினம் இரண்டு. பக்கத்துக் கட்டிலில் ஒரு வாத்தியார் இருந்தார், எனக்கு வரும் பிஸ்கட்டை வாங்கித் தன் டீயில் நனைத்து என் வாயில் வைப்பார், எனக்குக் கை நடுங்கும் என்பதால். ஐந்தாம் நாள் அவர் கட்டிலில் வேறொருவர் இருந்தார். காலையில் டாக்டர் வந்து எப்படி இருக்கீங்க என்பார். நல்லா இருக்கறனுங்க என்பேன். ஒருநாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்கறவங்களுக்குக் கொடுக்க இங்க கட்டில் இல்லீங்க. எங்க வலிக்குது, எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க, போதும்." அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வெளியாளிடம் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் கையுறை போட்ட கையை என் முதுகில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

ராணி பத்தாம் நாள் வீடு திரும்பினாள். அதன்பிறகு போனில் அவள் அதிகம் பேசவில்லை. சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா, அவ்வளவுதான். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பதினான்காம் நாள் என்னை அனுப்பினார்கள். வாசலில் ராணி ஆட்டோவோடு நின்றாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் சொன்னாள். துரைசாமி அலுப்பு என்று நான்கு நாள் படுத்துக் கிடந்திருக்கிறான். ஐந்தாம் நாள் பேச மூச்சு வரவில்லை. பொள்ளாச்சியிலிருந்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள், நான் கிடந்த அதே கட்டிடத்துக்கு, எனக்குக் கீழே ஒரு மாடி. ஐந்து நாள் இருந்தான். நான் குப்புறப் படுத்துத் தரையைப் பார்த்துக் கிடந்த நேரத்தில் அந்தத் தரைக்குக் கீழே அவன் போய்விட்டான். உடலை வீட்டுக்குக் கொடுக்கவில்லை. அவன் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் மயான வாசலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து, பஸ் ஓடத் தொடங்கியபின், நானும் ராணியும் ஆனைமலை போனோம். துரைசாமியின் மனைவி கலாமணி எங்களுக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. உடம்பு தேவலீங்களாண்ணா என்று விசாரித்தாள். பிறகு கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்கண்ணா. உங்களுக்கு மெய்யாலுமே என்னிக்கிருந்துங்க முடியாம இருந்துச்சு?"

பக்கத்தில் ராணி காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை சனிக்கிழமை என்று சொல்லியிருக்கலாம், யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். என்னால் முடியவில்லை. முந்தின சனிக்கிழமையே வயிறு போனதைச் சொன்னேன். திங்கட்கிழமை மோட்டார் வாசம் தெரியாமல் போனதைச் சொன்னேன். கற்பூரத்தையும் காபித்தூளையும் முகர்ந்து பார்த்ததை, முகாம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியதை, வீதி மளிகைக்காரருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். ராணியின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. அவளுக்கும் அது முதல் தடவை.

கலாமணி என் முன்னால் இருந்த டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டாருன்னு நெனைக்காதீங்கண்ணா. வந்திருப்பாருங்க. உங்களுக்கு முடியலன்னா அவரால இருக்க முடியாது. ஆனா தெரிஞ்சு வந்திருப்பாரு. மூக்குல ஒரு துணியாச்சும் கட்டீட்டு வந்திருப்பாருங்க. இங்க மேல் வலிக்குதுன்னப்ப, நானும் அலுப்புன்னு வெந்தண்ணி வெச்சுக் குடுத்துட்டு இருந்திருக்க மாட்டனுங்க."

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சாப்பிட்டோம். பிள்ளைகள் எங்களைக் கும்பிட்டு வழியனுப்பினார்கள்.

பொள்ளாச்சி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். அங்கே கோயமுத்தூர் வண்டி முக்கால்வாசி காலியாக நின்றது. எனக்கு முன்னால் ராணி ஏறினாள். நாங்கள் எப்போதும் உட்காரும் இருவர் சீட்டுகள் வரிசையாகக் காலியாக இருந்தன. அவள் அவற்றைக் கடந்து முன்னால் போய், முன்பின் தெரியாத இரண்டு பெண்களை நகரச் சொல்லி, அவர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள். நடத்துநர் வந்ததும் ஒரு டிக்கெட் என்றாள்.